சிறு நகரத்துக் காவலும் ஒரு துண்டு ரசீதும்

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், சந்தை நாளன்று என் தந்தையின் மொபெட் திருட்டுப் போனது. புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போனபோது வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் எங்களுக்கு முன்பே ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆடுகளைக் காணவில்லை என்று சொல்ல வந்தவர். மடியில் நான்கு வெள்ளைத்தாளும் ஒரு கார்பன் தாளும் சுருட்டி வைத்திருந்தார். முதல் நாள் வந்தபோது 'தாள் வாங்கிக்கொண்டு வா' என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அவருக்கு எழுதத் தெரியாது. யாராவது எழுதித் தருவார்களா என்று காத்திருந்தார். எங்களுக்கு எழுதத் தெரியும், உள்ளே முகமறிந்த ஏட்டு ஒருவரும் இருந்தார். அரை மணி நேரத்தில், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது எங்கள் கைக்கு வந்துவிட்டது. அம்மா, உங்கள் மனுவை நான் எழுதித் தருகிறேன் என்று அப்போதே சொல்லாமல் போனது இன்றும் என்னை உறுத்துகிறது. நாங்கள் வெளியே வந்தபோதும் அவர் அதே பெஞ்சில்தான் இருந்தார்.

சிறு நகரங்களில் காவலை விரிவாக்குவது, காவலர்கள்மீது மக்களுக்கு நம்பிக்கையை வளர்ப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பெஞ்சுதான் என் நினைவுக்கு வருகிறது. விரிவாக்கம் வேண்டும் என்ற கோரிக்கையில் தவறில்லை. புறவழிச்சாலை வந்து, ஊரின் நான்கு பக்கமும் வீட்டுமனைகள் பெருகி, பூட்டிய வீடுகளில் திருட்டு நடக்கத் தொடங்கியதும், புதிய நிலையம் வேண்டும், எல்லையை இரண்டாகப் பிரிக்க வேண்டும், பேருந்து நிலையத்தில் புறக்காவல் நிலையம் வேண்டும், இரவு ரோந்து கூட வேண்டும் என்று வணிகர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் மனு கொடுக்கின்றன. அரசு ஆள் தரத் தாமதிக்கும் இடங்களில் கடைக்காரர்களே பணம் திரட்டிக் கேமரா வாங்கித் தருகிறார்கள். முச்சந்தியில் நிற்கும் இரும்புத் தடுப்பில் நகைக் கடையின் பெயர் எழுதியிருக்கிறது. கொடுப்பவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் காவலுக்குச் செலவு செய்கிறவர் யார் என்பதை ஊர் முழுவதும் அந்தத் தடுப்பில் படித்துக்கொண்டே போகிறது. அவர்மீதே ஒரு கடை ஊழியர் புகார் கொடுக்க நேர்ந்தால் எந்தத் தைரியத்தில் படியேறுவார் என்பதை விரிவாக்கத் திட்டம் தீட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை என்பதை விழா நாளில் காவலர்கள் மோர் கொடுப்பதோடும் பள்ளிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதோடும் சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். அவையும் நல்லவைதான். ஆயினும் ஒரு சிறு நகரத்து மனிதருக்கும் காவல் துறைக்கும் உள்ள உறவு உண்மையில் சோதிக்கப்படும் இடம் எழுத்தரின் மேசை. தமிழ்நாட்டில் மனு கொடுப்பவருக்குத் தரப்படும் சிஎஸ்ஆர் ரசீது, சமுதாயப் பணிப் பதிவேட்டில் அந்த மனு ஏறியதற்கான அத்தாட்சி. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. துறையின் நிர்வாக ஏற்பாடு மட்டுமே. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. நடைமுறையிலோ பல மனுக்கள் சிஎஸ்ஆர் அளவிலேயே நின்று, இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, 'சமரசமாகப் போகிறோம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு முடிக்கப்படுகின்றன. சில சச்சரவுகளுக்கு அதுவே நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் வலியவருக்கும் எளியவருக்கும் இடையிலான வழக்கில் சமரசம் என்ற சொல்லின் பொருள் வேறு. சிஎஸ்ஆர்கூடக் கிடைக்காமல் திரும்புகிறவருக்கோ, தாம் அங்கே போனதற்கே சான்று இல்லை.

இந்த இடைவெளிக்கு வரலாறு உண்டு. 1859-ஆம் ஆண்டின் மதராஸ் காவல் சட்டம் நமது காவல் அமைப்பின் தாய்ச் சட்டம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1855-இல், மதராஸ் மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளைப் பற்றி விசாரித்த குழு தன் அறிக்கையைத் தந்தது. அக்காலத்தில் தாசில்தாரே வரி வசூலிப்பவர். காவல் அதிகாரமும் அவரிடமே. வரி பாக்கிக்கும் குற்ற ஒப்புதலுக்கும் ஒரே கருவிகள் பயன்பட்டன: விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி நிறுத்தும் அண்ணாந்தாள். இந்த அவலம் வெளிப்பட்டபின்தான் வருவாயையும் காவலையும் பிரித்துத் தனிக் காவல் படை உருவாக்கப்பட்டது. ஆனால் அந்தப் படை பதில் சொல்ல வேண்டியிருந்தது மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் அவருக்கு மேலிருந்தவர்களுக்கும்தான். ஊருக்குப் பதில் சொல்லும் கடமை அதற்கு எங்கும் எழுதப்படவில்லை. மதுரை, உசிலம்பட்டிப் பகுதியில் இன்னொரு கசப்பும் சேர்ந்தது. 1914-இலிருந்து பிறமலைக் கள்ளர்கள்மீது ஏவப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். வயது வந்த ஆண்கள் ரேகை பதிந்து, இரவில் கண்காணிப்புக்கு ஆஜராகி, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் 1947-இல் நீங்கியது. 'ஸ்டேஷன் படி ஏறக்கூடாது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் வழக்கம் நீங்கவில்லை. பெரியவர்கள் கண்டறிந்த அனுபவத்திலிருந்து பிறந்த அறிவுரை அது.

இந்தப் பின்னணியில் 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கிய காவலர் நண்பர்கள் குழு ஒரு துணிச்சலான முயற்சிதான். அப்போது மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயமடைந்து பிழைத்தவர். சாதி மோதல்கள் கனன்றுகொண்டிருந்த ஒரு மாவட்டத்தில், சாதாரண மக்களிலிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்துத் தகவல் பரிமாற்றம், கூட்டக் கட்டுப்பாடு, இரவு ரோந்து ஆகியவற்றில் காவலர்களுக்குத் துணையாக்கலாம், அதன்வழி இரு தரப்புக்கும் இடையிலான பயம் குறையும் என்பது அவரது எண்ணம். மாநிலம் முழுவதும் பரவிய அந்தத் திட்டம் வெளிநாட்டு அங்கீகாரமும் பெற்றது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தேடித் தந்த இளைஞர்கள், பேரிடர்க் காலத்தில் ஓடி ஓடி உழைத்த இளைஞர்கள் அதில் ஏராளம். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அமைப்பில் ஒரு விரிசல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. காவலருக்கு அதிகாரம் உண்டு. அதைத் தவறாகப் பயன்படுத்தினால் குறிப்பாணை, பணியிடை நீக்கம், வழக்கு என்று பதில் சொல்ல வைக்கும் வழிகளும் உண்டு. குடிமகனுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அத்தகைய பொறுப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், காவலரின் வாகனத்தில் பின்னால் உட்கார்ந்து, லத்தியும் கையில் பிடித்து, சந்தையில் ஆட்களை ஒதுங்கச் சொல்லும் ஒருவரிடம் அதிகாரத்தின் தோற்றம் முழுவதும் வந்துவிடுகிறது, பொறுப்பு மட்டும் வருவதில்லை. பெருநகரத்தில் இது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். சிறு நகரத்தில் அந்த இளைஞர் எந்தத் தெருக்காரர், எந்தச் சாதி, எந்தக் கட்சிக்காரரின் மச்சினர் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெருவிலிருந்து தன்னார்வலர் வரவில்லை என்பதும் தெரியும். திட்டம் தொடங்கி 18 ஆண்டுகள் கழித்து, அதே மாவட்டத்துப் பரமக்குடியில், 2011 செப்டம்பர் 11 அன்று, தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் காவலர்கள் சுட்டதில் உயிர்கள் பறிபோயின. ஒரு திட்டத்தின் தோல்விக்கு அந்தத் துப்பாக்கிச் சூட்டைச் சான்றாக நிறுத்துவது நியாயமாகாது. எந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை அதிகம் தேவைப்பட்டதோ அந்தப் பகுதி வரை அந்த நட்பு போய்ச் சேரவில்லை என்பதை மட்டும் அது காட்டியது.

பிறகு சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைக் கடந்து கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் நிலையத்தில் தாக்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்கே நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லாததால், அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அலுவலர்களின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. 1859-இல் பிரிந்த இரண்டு துறைகளில் ஒன்றுக்கு மற்றொன்று காவல் இருக்க வேண்டி வந்த நாள் அது. நடுவரின் அறிக்கையில் இருந்த ஒரு சிறு தகவலை என்னால் மறக்க முடியவில்லை. நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. பதிவைச் சேமிக்க வன்தட்டில் போதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவுகள் தாமாக அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது. உள்ளே நடந்ததைச் சொல்லக் கடைசியில் ஒரு பெண் தலைமைக் காவலர்தான் முன்வந்தார். அவர் ஒருவர் காட்டிய துணிவு, காவல் துறையின் எந்த விளம்பரப் பலகையாலும் சம்பாதிக்க முடியாத மரியாதையை அந்தச் சீருடைக்குச் சம்பாதித்துத் தந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மத்தியப் புலனாய்வுத் துறை 9 காவலர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அந்நிகழ்வில் காவலர் நண்பர்கள் குழுவினருக்கும் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. மாவட்டங்களில் ஒவ்வொன்றாக அவர்களின் சேவை நிறுத்தப்பட்டு, 2020 ஜூலையிலேயே தமிழ்நாடு அரசு அமைப்பைத் தடை செய்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய ஒரு திட்டம் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. அதற்குச் சட்டப்படியான அடித்தளம் வலுவாக இருந்திருந்தால், யாரைச் சேர்க்கலாம், என்ன செய்யக்கூடாது, தவறினால் யார் விசாரிப்பது என்பவை எழுத்தில் இருந்து கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்த்திருக்க முடியும்.

பக்கத்து மாநிலமான கேரளம் வேறு வழியில் போனது. 2008 மார்ச்சில் அங்கே 20 நிலையங்களில் தொடங்கிய ஜனமைத்ரி சுரக்ஷா திட்டத்தின் அச்சாணி தன்னார்வலர் அல்லர். சீருடையில் உள்ள பீட் அதிகாரி. சுமார் 500 வீடுகள் கொண்ட ஒரு பகுதி அவருக்கு ஒப்படைக்கப்படும். வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரையாவது நேரில் அறிந்து வைத்திருப்பது அவரது வேலை. ஊர் மக்களைக் கொண்ட சமிதி இருந்தாலும் அதற்குக் காவலருக்கு உரிய அதிகாரம் இல்லை. 2011-ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டத்திலேயே சமுதாயக் காவலுக்கு இடம் கொடுக்கப்பட்டது. அதிகாரத்தைக் கடன் கொடுக்காமல், அதிகாரம் உள்ளவரையே மக்களிடம் நடக்க வைத்தது இத்திட்டத்தின் சிறப்பு. எனினும் 2018-இல் வராப்புழையிலும் 2019-இல் நெடுங்கண்டத்திலும் காவலில் இருந்தவர்கள் இறந்தார்கள். வாசலில் வந்து நலம் விசாரிக்கும் காவலரும் பூட்டிய அறைக்குள் விசாரிக்கும் காவலரும் ஒரே நிலையத்தில் இருக்க முடியும் என்பதால், முன்னவரால் கிடைத்த நல்ல பெயரைக் கொண்டு பின்னவரின் செயலை மறைத்துவிட முடியாது.

தமிழ்நாட்டில் பீட் முறை இல்லாமல் இல்லை. எங்கள் ஊரிலேயே ஒரு தலைமைக் காவலர் இருந்தார். மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் இறங்குவார், பூக்காரம்மாவிடம் பேசுவார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளைகளைப் பின்தொடரும் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கண்டிப்பார். தம் கைபேசி எண்ணைக் கடைச் சுவரில் சுண்ணாம்புக்கு மேல் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். அந்த எண்ணுக்கு இரவு பன்னிரண்டு மணிக்கும் பதில் வரும் என்று ஊர் சொல்லும். ஏட்டையா இடமாறுதலில் போனார். எண் மட்டும் சுவரில் இருந்தது. அழைத்தவர்களிடம் 'நான் இப்போது வேறு மாவட்டம்' என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். புதிதாக வந்தவர் எண் எதுவும் எழுதவில்லை. ஊர் நம்பியது ஏட்டையாவைத்தான், நிலையத்தை நம்பவில்லை.

புதிதாக வந்தவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சிறு நகரத்து நிலையத்தில் பதிவேட்டில் இருக்கும் ஆட்கள் வேறு, காலையில் வரிசையில் நிற்கும் ஆட்கள் வேறு. பசும்பொன்னில் குருபூசை என்றாலும், பரமக்குடியில் நினைவு நாள் என்றாலும், பக்கத்து மாவட்டத்துக்கு அமைச்சர் வந்தாலும், தேர்த் திருவிழா என்றாலும், முதலில் கழற்றி எடுக்கப்படுவது பீட் காவலர்தான். நீதிமன்றத்துக்குக் கைதியோடு போகிறவர், அழைப்பாணை கொண்டு போகிறவர், பாரா நிற்பவர் போக மிஞ்சுவது இரண்டு பேரோ மூன்று பேரோ. 2019-இல் காமன் காஸ், சிஎஸ்டிஎஸ் அமைப்புகள் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியக் காவலர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுமுறைக்கு அரசாணை வந்ததே 2021-இல்தான். மனுவோடு வரும் மூதாட்டியிடம் பொறுமையாகப் பேசு என்று தூக்கமில்லாத மனிதரிடம் சொல்வது எளிது, அவர் அதைச் செய்வது கடினம். அதனால்தான் ஆள் சேர்ப்பது உண்மையிலேயே தேவை என்கிறேன். ஆனால் சேர்த்த ஆளைப் பந்தோபஸ்துக்கு அனுப்பாமல், குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அதே தெருக்களில் நடக்க விட வேண்டும்; இல்லையென்றால் புதிய நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டுமே ஊருக்கு மிஞ்சும்.

இரண்டு ஆண்டு என்பது நானாகச் சொல்லும் கணக்கில்லை. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு கட்டளைகளில், நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பணிக்காலம் என்பதும் ஒன்று. விசாரணைப் பிரிவையும் சட்டம் ஒழுங்குப் பிரிவையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் அதை 10 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் தொடங்கிப் படிப்படியாகச் சிறிய ஊர்களுக்கு விரிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தப் படிப்படி இன்னும் எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை. காலையில் போக்குவரத்தைச் சரி செய்தவரே மாலையில் திருட்டு வழக்கை விசாரிக்கிறார். விரைவாக முடிக்க வேண்டிய நெருக்கடியில் குறுக்கு வழிகள் பிறக்கின்றன.

2025 ஜூனில் திருப்புவனத்தில் நடந்தது அப்படிப்பட்ட குறுக்கு வழியின் கோரமான முடிவு. மடப்புரம் கோயிலுக்கு வந்த ஒருவரின் காரில் நகை காணாமல் போனதாகப் புகார். விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளம் கோயில் காவலாளி தனிப்படையினர் தாக்கியதில் இறந்தார். முதல் தகவல் அறிக்கை பதிவாகாமல் தனிப்படை எப்படி விசாரணையை எடுத்துக்கொண்டது என்று மதுரைக் கிளை கேட்டது. முறைப்படி அமைக்கப்படாத தனிப்படைகளைக் கலைக்கக் காவல் துறைத் தலைமை இயக்குநர் உத்தரவிட்டார். எழுத்தில் பதிவாகாத இடத்தில் யார் விசாரித்தார், எப்போது அழைத்தார், எங்கே வைத்திருந்தார் என்பவை எதற்கும் விடை இல்லை. ஆடு தொலைத்தவருக்கு ரசீது தராத மேசையும் அறிக்கை பதியாமல் ஆளை அழைத்துப்போகும் வாகனமும் ஒரே பழக்கத்தின் இரு முனைகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தவறு நடந்தபின் எங்கே முறையிடுவது? பிரகாஷ் சிங் தீர்ப்பு, மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் காவல் புகார் ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரையும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கியது. ஆட்சியர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அன்றாடம் தம்மோடு மேசையில் உட்காரும் கண்காணிப்பாளரின் துறைமீது வரும் புகாரை அவர் விசாரிக்க வேண்டும் என்பது அவரையே சங்கடத்தில் தள்ளும் ஏற்பாடு. சிறு நகரத்து மனிதருக்கோ திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் பேருந்து பிடித்துப் போய், வரிசையில் நின்று கொடுக்கும் மனுவும் இதுவும் ஒன்றாகவே தெரியும். அங்கே கொடுத்த மனு சில நாள்களில் அதே நிலையத்துக்கே 'விசாரித்து அறிக்கை அனுப்புக' என்ற குறிப்போடு திரும்பி வந்துவிடுகிறது.

ஊரில் மோதல் எழும்போது கூட்டப்படும் சமாதானக் கூட்டங்களிலும், யாரிடம் முறையிடுவது என்ற இதே கேள்வி உண்டு. ஊர்ப் பெரியவர்கள் என்று அழைக்கப்படுகிறவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து யாருமே அழைக்கப்படவில்லை, பெண்கள் எத்தனை பேர் என்பதை அழைப்பவர்கள் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1992-இலிருந்து அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன; ஆனால் ஒரு கூட்டத்துக்குப் பெண்களை அழைக்க நமக்கு இன்னும் நினைவு வருவதில்லை.

கருவிகளும் புதிய கட்டடங்களும் வருவதற்கு முன்பே ஒரு மாவட்டக் கண்காணிப்பாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை வழக்கு துப்பு துலங்கியது என்று கேட்கும்போதே, சிபாரிசும் துணையும் இல்லாமல் தனியாக வந்தவர்களில் எத்தனை பேருக்கு அன்றைக்கே ரசீது தரப்பட்டது, எழுதத் தெரியாதவரின் மனுவை நிலையத்தின் தாளில் நிலையத்தார் எழுதிப் படித்துக் காட்டினார்களா என்றும் கேட்கலாம். மாதம் ஒரு முறை, முன்னறிவிப்பில்லாமல், மனுதாரர்கள் நான்கு பேரைத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கலாம். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மனு வந்த தேதியையும் எண்ணையும் குறிக்கும் அந்தப் பதிவேடு ஏற்கெனவே ஒவ்வொரு நிலையத்திலும் எழுத்தரின் மேசை மேல் இருக்கிறது.